நடுக்காதில் குடியேறும் பாக்டீரியப் படலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குக் காது வலி வருகிறது. மருந்து கொடுத்ததும் நிற்கிறது. சில வாரங்கள் கழித்து அதே காதில் மீண்டும் நீர் கோத்துக்கொள்கிறது அல்லது சீழ் வடிகிறது. இப்படி நடக்கும்போது மருந்து சரியில்லையோ, கவனிப்பில் குறை வைத்துவிட்டோமோ என்றுதான் பெற்றோரின் மனம் முதலில் போகிறது. பெரும்பாலான இத்தகைய காதுகளில் காரணம் வேறிடத்தில் இருக்கிறது: நடுக்காதின் உட்சவ்வில் பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குடியேறி, தமக்கென ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் படலத்தைப் பற்றி நோயாளிகளும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

உயிர்ப்படலம் என்பது என்ன?

ஓடையில் கிடக்கும் கல்லை எடுத்தால் விரலுக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படும். காலையில் பல் துலக்குவதற்கு முன் நாக்கால் பல்லைத் தடவினால் மெல்லிய பூச்சு ஒன்று தெரியும். இரண்டும் உயிர்ப்படலங்களே. பாக்டீரியாக்கள் தனித்தனியே மிதந்து திரிவதை விட்டுவிட்டு, ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக வாழும் நிலைக்கே இந்தப் பெயர். பயோஃபிலிம் என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான ஆன்டனி வான் லீவன்ஹூக் தம் பல்லிலிருந்து சுரண்டிய அழுக்கை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நுண்ணிய உயிர்கள் அசைவதை விவரித்தார். வினிகரால் வாயைக் கொப்பளித்த பின்னும், அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். நாட்பட்ட காதுத் தொற்றில் மருந்து ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கான விடையின் பாதி அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆயினும், உயிர்ப்படலம் நோய்களுக்கு ஒரு முக்கியக் காரணம் என்ற கருத்து, நுண்ணுயிரியலாளர் ஜே. வில்லியம் காஸ்டர்டன் போன்றோரின் உழைப்பால் 1978க்குப் பிறகுதான் மருத்துவ உலகில் மெல்ல வேரூன்றியது.

நடுக்காதில் அது குடியேறுவது ஏன்?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறிய அறை ஒன்று இருக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அதற்குள்தான் தொங்குகின்றன. அந்த அறைக்குக் காற்று வருவதும் அங்கே சுரக்கும் நீர் வடிவதும் மூக்கின் பின்புறத்தோடு அதை இணைக்கும் யூஸ்டேகியன் குழாயின் வழியாகத்தான். பெரியவர்களுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளமுடையதாகவும் சாய்வாகவும் இருக்கும். கைக்குழந்தைக்கோ அதில் பாதி நீளமே இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட படுத்த நிலையில் இருக்கும். எனவே மூக்கின் பின்புறத்தில் எப்போதும் வாழ்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்களுக்குக் குழந்தையின் நடுக்காது எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. சளி பிடித்துக் குழாய் வீங்கி அடைபட்டால் வடிகால் நின்றுபோகும், காற்றழுத்தம் குறையும், சவ்வில் நீர் ஊறும். அசைவில்லாத, இளஞ்சூடான, ஈரமான, ஊட்டமுள்ள ஓரிடம் கிடைத்துவிட்டால் ஒட்டிக்கொண்டு வளர அவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை.

படலம் படிப்படியாக எப்படி உருவாகிறது?

முதலில் சில பாக்டீரியாக்கள் சவ்வின் மீது தற்காலிகமாக ஒட்டுகின்றன. இந்தக் கட்டத்தில் சவ்வின் மீது மயிர்போல அசையும் குற்றிழைகளும் கோழையும் அவற்றைத் தள்ளி வெளியேற்றிவிட முடியும். ஆரோக்கியமான காதில் அன்றாடம் நடப்பது அதுதான். வைரஸ் தொற்றால் குற்றிழைகள் சிதைந்திருந்தால் அந்தத் துடைப்பம் வேலை செய்யாது. அப்போது பாக்டீரியாக்கள் தங்கள் மேற்பரப்பில் உள்ள நுண்ணிழைகளாலும் ஒட்டும் புரதங்களாலும் சவ்வை இறுகப் பற்றிக்கொள்கின்றன.

பற்றிக்கொண்டவை பெருகும்போது ஒன்றுக்கொன்று வேதிச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. கூட்டம் போதிய அளவுக்கு அடர்ந்துவிட்டது என்று அந்தச் சமிக்ஞைகளின் செறிவு காட்டியதும், தனியாக இருந்தபோது அடங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. பிசின் சுரப்பு முடுக்கம் பெறுகிறது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செல்களுக்கு வெளியே கொட்டப்பட்ட டிஎன்ஏ ஆகியவை பின்னிப் பிணைந்ததுதான் அந்தப் பிசின். பரம்பரைத் தகவலைச் சுமக்கும் டிஎன்ஏ இங்கே கட்டடத்துக்குக் கம்பியாகப் பயன்படுகிறது என்பது, முதன்முதலில் தெரியவந்தபோது பலரையும் வியக்க வைத்த செய்தி. அதன் சில பகுதி செத்த பாக்டீரியாக்களிலிருந்து வருகிறது. நடுக்காதில் பசைபோன்ற நீர் தேங்கிய பசைக்காதின் திரவத்தில் காணப்படும் டிஎன்ஏவில் பெரும்பங்கு நம் உடலின் வெள்ளணுக்கள் கிருமியைப் பிடிக்க வீசிய வலையிலிருந்து வருகிறது. நம்மைக் காப்பதற்காக வீசிய வலையே எதிரியின் கூரைக்குக் கயிறாகிவிடுகிறது.

முதிர்ந்த படலம் மேடுகளும் இடையிடையே நீர் ஓடும் கால்வாய்களும் கொண்டதாக இருக்கும். அதிலிருந்து அவ்வப்போது சில பாக்டீரியாக்கள் பிரிந்துபோய் வேறிடத்தில் புதிதாகத் தொடங்குகின்றன.

நடுக்காது நீரைச் சோதித்தபோது கிருமி இல்லை என்று வந்ததே, பிறகெப்படித் தொற்று என்கிறீர்கள்?

இது மிக நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் மருத்துவர்களையே இது குழப்பியது. பசைபோன்ற நீரை உறிஞ்சி எடுத்து ஊட்டத் தட்டில் வளர்க்க முயன்றால் பெரும்பாலும் ஒன்றுமே முளைக்காது. அதனால் நாட்பட்ட நடுக்காது நீர்க்கோவை கிருமியில்லாத வெறும் அழற்சி என்று பலர் கருதினார்கள்.

1995இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள், குழந்தைகளின் காதிலிருந்து எடுத்த 97 நீர் மாதிரிகளை வளர்ப்புச் சோதனைக்கும், கிருமியின் டிஎன்ஏவைப் பன்மடங்காக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கும் ஒருசேர உட்படுத்தினார்கள். வளர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளே கிருமியைக் காட்டின; பிசிஆரில் ஏறக்குறைய 77 விழுக்காடு காட்டின. செத்த கிருமிகளின் மிச்ச டிஎன்ஏ அங்கே கிடந்திருக்கலாமே என்ற மறுப்பு எழுந்தது. அதற்கு 1998இல் விடை கிடைத்தது: வளர்ப்பில் எதையும் காட்டாத மாதிரிகளிலும் மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் பாக்டீரியாவின் தூதுவ ஆர்என்ஏ இருந்தது. அந்த மூலக்கூறு நிமிடங்களில் சிதைந்துபோகக்கூடியது; அது இருக்கிறதென்றால் அதைத் தயாரித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள செல் இருக்கிறது என்று பொருள். உயிரோடு இருந்தும் தட்டில் வளரவில்லை என்பதற்கு, அவை திரவத்தில் மிதக்காமல் சவ்வோடு ஒட்டியிருந்ததும், ஒட்டியிருந்தவை மந்தமான நிலையில் இருந்ததுமே காரணம் என்று இன்று நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆகவே “கிருமி வளரவில்லை” என்ற அறிக்கையைக் “கிருமி இல்லை” என்று படிக்கக்கூடாது.

மனிதக் காதில் இந்தப் படலத்தை நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். முதலில் சின்சில்லா என்ற சிறு கொறிவிலங்கின் காதில் 2002இல் அது விரிவாகக் காட்டப்பட்டது. கிருமியைச் செலுத்திய மறுநாளே படலம் தோன்றத் தொடங்கி 21ஆம் நாள்வரை நிலைத்திருந்தது. பிறகு 2006இல், நடுக்காதுக்குக் காற்று போவதற்காகச் செவிப்பறையில் செருகப்படும் சிறு காற்றுக்குழாயைப் பொருத்திக்கொள்ள வந்த 26 குழந்தைகளிடமிருந்து நடுக்காதுச் சவ்வின் துளிப் பகுதிகளை எடுத்து லேசர் நுண்நோக்கியில் ஆராய்ந்தார்கள். 50 மாதிரிகளில் 46இல் படலம் இருந்தது. காது கேளாதவர்களுக்குக் கேட்க உதவும் செவிநத்தைக் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களிடமிருந்து ஒப்பீட்டுக்காக எடுத்த 8 மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை.

அத்தகைய ஒரு நுண்நோக்கிப் படத்தை நினைத்துப் பாருங்கள். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்த செல் சிவப்பாகவும் ஒளிரும்படி சாயமேற்றிய அரிசிமணியளவு சவ்வு அது. வெறுங்கண்ணுக்கு லேசாகச் சிவந்த ஈரத்தோலைப் போலிருக்கும் அதே சவ்வின் மீது, பச்சைப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொத்துகளுக்கிடையே சிவப்புத் துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மாதமாக மருந்து குடித்த குழந்தையின் காது ஏன் இன்னும் மந்தமாகக் கேட்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொல்லாலும் விளக்கிவிட முடியாது.

இது மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிகவும் அவசியம். எதிர்ப்புத்திறன் என்பது மரபணு மாற்றத்தால் வருவது. அந்தக் கிருமி தனியே மிதந்தாலும் மருந்து அதைக் கொல்லாது. உயிர்ப்படலத்தில் இருப்பது தாங்கும் தன்மை. அதே பாக்டீரியாவைப் படலத்திலிருந்து பிரித்து மிதக்கவிட்டால் வழக்கமான அளவு மருந்திலேயே செத்துப்போகும். படலத்துக்குள் இருக்கும்போது சில மருந்துகளுக்கு நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு செறிவுகூடப் போதாமல் போகிறது. சோதனைக்கூட அறிக்கையில் “இந்த மருந்துக்குக் கட்டுப்படும்” என்று இருந்தும் காது ஆறாமல் போவதற்கு இதுவே காரணம். அந்தச் சோதனை மிதக்கும் கிருமியை வைத்துச் செய்யப்படுகிறது.

தாங்கும் தன்மைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்து உழைக்கின்றன. பிசின் சில மருந்துகளை உள்ளே வரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. படலத்தின் ஆழத்தில் ஆக்சிஜனும் ஊட்டமும் குறைவு, ஆகவே அங்குள்ள செல்கள் மிக மெதுவாக வளர்கின்றன. பெனிசிலின் குடும்ப மருந்துகள் செல்சுவர் கட்டப்படும் நேரத்தில் குறுக்கிட்டுக் கொல்பவை. சுவர் கட்டாத செல்லிடம் அவற்றுக்கு வேலையே இல்லை. இவற்றோடு, முற்றிலும் உறங்கும் நிலைக்குப் போய்விட்ட சில செல்கள் எந்தப் படலத்திலும் உண்டு. மருந்து நின்ற பிறகு அவை விழித்துக் கூட்டத்தை மறுபடி உருவாக்குகின்றன. அடிக்கடி மருந்தை மாற்றுவதாலோ நாட்களை நீட்டுவதாலோ மட்டும் இதை வெல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் செய்வதால் மூக்கிலும் குடலிலும் வாழும் மற்ற பாக்டீரியாக்களிடையே உண்மையான எதிர்ப்புத்திறன் வளர்வதுதான் மிஞ்சும்.

உடலின் நோயெதிர்ப்பு ஏன் அதை அழிப்பதில்லை?

வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, ஆனால் பிசினுக்குள் புதைந்த கூட்டத்தை விழுங்க அவற்றால் முடிவதில்லை. விழுங்க முடியாத வெள்ளணுக்கள் தம்மிடமுள்ள நொதிகளை வெளியே கொட்டும்போது பாதிக்கப்படுவது பெரும்பாலும் சுற்றியுள்ள சவ்வுதான். சவ்வு தடிக்கிறது, கோழை சுரக்கும் செல்கள் பெருகுகின்றன, நீர் பசையாகக் கெட்டிப்படுகிறது. சில பாக்டீரியாக்கள் சவ்வின் செல்களுக்கு உள்ளேயும் புகுந்து தங்குவதைக் குழந்தைகளின் காதுச் சவ்வு மாதிரிகளில் கண்டிருக்கிறார்கள்.

எந்தெந்தப் பாக்டீரியாக்கள் இதில் ஈடுபடுகின்றன?

குழந்தைகளின் திடீர்த் தொற்றிலும் நீர்க்கோவையிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, உறையில்லாத ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, மொராக்செல்லா கேட்டராலிஸ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. செவிப்பறையில் ஓட்டை விழுந்து நாட்கணக்கில் சீழ் வடியும் காதில் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸும் மேலோங்கும். ஒரே படலத்தில் இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்து வாழ்வதும் உண்டு. மொராக்செல்லா சுரக்கும் நொதி பெனிசிலின் வகை மருந்தைச் சிதைத்துவிடுவதால் பக்கத்தில் இருக்கும் நிமோனியே கிருமியும் தப்பித்துக்கொள்கிறது.

காது வலிக்கும் ஒவ்வொரு முறையும் படலம்தான் காரணமா?

இல்லை. திடீரென்று வரும் தொற்றில் வலியையும் காய்ச்சலையும் உண்டாக்குபவை பெரும்பாலும் மிதந்து பெருகும் பாக்டீரியாக்கள். அவை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், பல குழந்தைகளுக்கு மருந்தில்லாமலும் ஓரிரு நாட்களில் தணியும். ஓயாமல் திரும்பி வருவது, மூன்று மாதங்களைத் தாண்டியும் நீர் தங்குவது, வாரக்கணக்கில் சீழ் வடிவது ஆகிய மூன்று நிலைகளில்தான் படலத்தைப் பற்றி முதலில் நினைக்க வேண்டும்.

சளி பிடிக்கும்போதெல்லாம் காதுத் தொற்றும் வருவது ஏன்?

மூக்கின் பின்புறத்தில் நிமோனியே கிருமி படலமாக, பெரும்பாலும் எவ்விதத் தொல்லையும் தராமல் இருக்கும். 2013இல் வெளியான ஒரு சோதனையில், இன்ஃப்ளுயன்சா வைரஸ் தொற்றும், காய்ச்சலின் வெப்பமும், அழுத்தத்துக்கு உள்ளான நம் செல்கள் வெளியிடும் பொருள்களும் அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகின்றன என்று காட்டினார்கள். கலைந்து வெளியேறிய பாக்டீரியாக்கள் பழைய சாதுவான நிலையில் இருப்பதில்லை. அவற்றின் மரபணுச் செயல்பாடே மாறிப்போய், எலிகளின் காதையும் நுரையீரலையும் தாக்கும் வேகம் கூடியிருந்தது. சளியின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரவில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறுவதற்கு இது நல்ல விளக்கமாக எனக்குத் தோன்றுகிறது. குளிர்ந்த காற்று பட்டதாலோ தலைக்குக் குளித்ததாலோ வந்துவிட்டது என்று வருந்த வேண்டிய தேவை இல்லை.

நடுக்காதில் நீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்களே, இது அலட்சியம் இல்லையா?

அலட்சியம் இல்லை. பள்ளிக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறையேனும் நடுக்காதில் நீர் தங்குகிறது. பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் தாமாகவே வடிந்துவிடுகின்றன. இங்கே ஆன்டிபயாடிக்கோ, ஒவ்வாமை மருந்தோ, மூக்கடைப்பு மருந்தோ நீண்டகாலப் பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், பல நாடுகளின் மருத்துவ நெறிமுறைகள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. உயிர்ப்படலத்தை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.

காத்திருப்பது என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவது என்று பொருளில்லை. நீர் நிறைந்த காதில் கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபெல் அளவுக்குக் குறையலாம். இரு காதிலும் விரலை வைத்துக்கொண்டு உரையாடலைக் கேட்பதைப் போன்றது அது. ஆகவே குழந்தையிடம் பேசும்போது அருகில் வந்து, முகத்தைப் பார்த்து, தெளிவாகப் பேசுங்கள். ஆசிரியரிடம் சொல்லி முன்வரிசையில் உட்கார வையுங்கள். மூன்று மாதம் கழிந்தும் நீர் இருந்தால் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். பேச்சு தாமதமான குழந்தை, டவுன் நோய்க்குறி அல்லது அண்ணப் பிளவு உள்ள குழந்தை ஆகியோருக்கு அதுவரை காத்திருக்காமல் முன்னதாகவே நிபுணரின் ஆலோசனை தேவை.

காற்றுக்குழாய் பொருத்துவதால் படலம் போய்விடுமா?

குரோமெட் எனப்படும் அந்தக் குழாய் படலத்தை நேரடியாக அழிப்பதில்லை. அது வாழும் சூழலை மாற்றுகிறது. செவிப்பறையில் சிறு கீறலிட்டு, உள்விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே உள்ள குழாயைச் செருகுவதோடு தேங்கிய பசையையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்று உள்ளே வரத் தொடங்கியதும் சவ்வின் வீக்கம் வடிகிறது, குற்றிழைகள் மீள்கின்றன, கேட்கும் திறன் உடனே திரும்புகிறது. வழக்கமாக 6 முதல் 18 மாதங்களுக்குள் குழாய் தானே வெளியே தள்ளப்பட்டு விழுந்துவிடும்.

குழாயின் மீதே படலம் படிவதும் உண்டு. உடலுக்குள் வைக்கப்படும் எந்தப் பொருளும் இதற்கு விலக்கில்லை. குழாயில் சீழ் வடிந்து சொட்டு மருந்துக்கும் அடங்கவில்லை என்றால், சில வேளைகளில் குழாயை எடுத்துவிடுவதே தீர்வாகிறது.

சொட்டு மருந்து மேலா, வாய்வழி மருந்து மேலா?

குழாய் வழியாகவோ ஓட்டை வழியாகவோ சீழ் வடியும் காதுக்குச் சொட்டு மருந்தே மேல். 0.3 விழுக்காடு சிப்ரோஃப்ளாக்சாசின் சொட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 3,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே சேரும். படலத்துக்கு எதிராக அந்த ஆயிர மடங்கு வித்தியாசம்தான் பலம். நெதர்லாந்தில் குழாய் பொருத்தியிருந்த 230 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இரண்டு வாரங்களுக்குப் பிறகும் சீழ் வடிந்தவர்கள், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து பெற்றோரில் 5 விழுக்காடு, வாய்வழி ஆன்டிபயாடிக் பெற்றோரில் 44 விழுக்காடு, மருந்தில்லாமல் கவனிக்கப்பட்டோரில் 55 விழுக்காடு.

சொட்டு மருந்து உள்ளே போய்ச் சேர வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. காது நிறையச் சீழ் நிற்கும்போது ஊற்றிய மருந்து சீழின் மேலேயே மிதந்து வழிந்துவிடும். முதலில் வெளியே தெரியும் சீழைச் சுத்தமான துணித் திரியால் ஒற்றி எடுங்கள். மருந்துக் குப்பியைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்து உடல் வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த சொட்டு உட்காதைத் தூண்டித் தலைசுற்றலை வரவழைக்கும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சொன்ன அளவு சொட்டுகளை விட்டு, காதின் முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மடலை நான்கைந்து முறை மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தைக் குழாயின் வழியே நடுக்காதுக்குள் தள்ளுகிறது. சில நிமிடங்கள் அப்படியே படுத்திருக்கட்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு சொட்டு மருந்தை எடுத்து விட்டுவிடாதீர்கள். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் ஓட்டையின் வழியாக உட்காதை அடைந்தால் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும்.

வருடக்கணக்கில் சீழ் வடியும் காதுக்கு என்ன செய்வது?

செவிப்பறை ஓட்டை வழியாக இரண்டு வாரங்களுக்கு மேல் சீழ் வடிந்தால் அதை நாட்பட்ட சீழ்வடி நடுக்காது நோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இங்கே சிகிச்சையின் முதல் படி சுத்தம் செய்வது. மருத்துவர் நுண்நோக்கியின் கீழ் மெல்லிய உறிஞ்சுகுழாயால் சீழையும் பொருக்கையும் எடுக்கும்போது, அவற்றோடு படலத்தின் பெரும்பகுதியும் பிய்ந்து வருகிறது. எந்த மருந்தாலும் செய்ய முடியாததைக் கையால் செய்யும் இந்த எளிய வேலை செய்துவிடுகிறது. இதற்குரிய மதிப்பை நாம் தருவதில்லை என்றே நினைக்கிறேன். பல்லில் படிந்த கறையை மருந்து குடித்து யாரும் போக்குவதில்லை, தேய்த்துத்தானே எடுக்கிறோம். சுத்தம் செய்த பிறகு விடும் சொட்டு மருந்து நன்றாக வேலை செய்யும். காது உலர்ந்து சில வாரங்கள் கழிந்த பின் ஓட்டையை அடைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். நாற்றமுள்ள சீழ் விடாமல் வடிந்தால் கொலஸ்டியாட்டோமா எனப்படும் தோல் வளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செதில் செதிலாகச் சேரும் அந்தத் தோலே படலத்துக்குக் கோட்டையாகிறது, எலும்பையும் அரிக்கிறது. அதற்கு அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை.

அடினாய்டுச் சதையை எடுப்பதற்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

மூக்கின் பின்புறத்தில், யூஸ்டேகியன் குழாயின் வாயை ஒட்டியே அந்தச் சதை இருக்கிறது. அதன் மடிப்புகளில் உயிர்ப்படலம் படிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். காதுக்குத் திரும்பத் திரும்பக் கிருமியை அனுப்பும் கிடங்காக அது ஆகிவிடுகிறது. அதனால்தான், சதை பெரிதாக இல்லாதபோதும் அதை எடுப்பது நீர்க்கோவையைக் குறைப்பதுண்டு. 4 வயதைக் கடந்த குழந்தைகளிடம் இந்தப் பயன் தெளிவாகத் தெரிகிறது.

தடுப்பூசியால் பயன் உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. நிமோனியே கிருமிக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசி 2000இல் 7 வகைகளுக்கும் 2010இல் 13 வகைகளுக்கும் எதிராக வந்தது. அந்தக் கிருமியில் ஏறக்குறைய நூறு வகைகள் இருப்பதால் விடுபட்டவை அந்த இடத்தைப் பிடிக்க முயல்கின்றன. ஹிப் தடுப்பூசி உறையுள்ள பி வகை ஹீமோஃபிலஸுக்கு மட்டுமே எதிரானது. காதைப் பாதிக்கும் உறையில்லாத வகையை அது தடுக்காது. ஆயினும் குழந்தைப் பருவத்தின் முதல் தொற்றுகளைத் தள்ளிப்போடுவது மிகுந்த பயனுடையது, ஏனெனில் முதல் தொற்றில் சேதமான சவ்வில்தான் பின்னர் படலம் எளிதில் ஊன்றுகிறது. தாய்ப்பால் கொடுப்பதும், குழந்தை இருக்கும் இடத்தில் புகைபிடிக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காக முக்கியமானவை.

படலத்தையே குறிவைக்கும் மருந்துகள் வருகின்றனவா?

ஆய்வில் இருக்கின்றன. பிசினில் உள்ள டிஎன்ஏவை வெட்டும் நொதியைக் காதுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். அந்த டிஎன்ஏ இழைகள் குறுக்கிடும் இடங்களில் முடிச்சுப்போல நின்று தாங்கும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு எதிரான எதிர்பொருளைச் செலுத்தியபோது விலங்குகளின் காதில் இருந்த படலம் சரிந்துவிழுந்தது, வெளியேறிய பாக்டீரியாக்களை மருந்து எளிதில் கொன்றது. கண்டறிவதிலும் முன்னேற்றம் உண்டு: செவிப்பறையைத் துளைக்காமலே ஒளிக்கற்றையால் அதன் பின்னால் படிந்திருக்கும் படலத்தைக் காட்டும் கருவியை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் 2012இல் நோயாளிகளிடம் பயன்படுத்திக் காட்டினார்கள். இவற்றில் எதுவும் இன்னும் அன்றாடச் சிகிச்சையாகிவிடவில்லை. ஆகவே படலத்தைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எந்தச் சொட்டையும் பொடியையும் நம்பிக் காதில் விடாதீர்கள்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வீங்கிச் சிவந்து, காதுமடல் முன்னால் தள்ளப்பட்டால். முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போனால். கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றில் ஏதேனும் காதுத் தொற்றோடு சேர்ந்து வந்தால். திடீரென்று தலைசுற்றலோ செவிட்டுத்தன்மையோ ஏற்பட்டால், அன்றே போக வேண்டும். 3 மாதத்துக்கும் குறைந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. போகும்போது இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், எத்தனை நாள் கொடுத்தீர்கள், நிறுத்திய எத்தனையாம் நாள் சீழோ வலியோ திரும்பியது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்து நின்றதும் அதே காதில் திரும்பத் திரும்ப வருகிறது என்ற அந்த ஒரு குறிப்பு, படலத்தைப் பற்றி மருத்துவரை யோசிக்க வைக்கும்.